கையில காசு இல்ல, தங்க வீடும் இல்ல: அமெரிக்கால ட்ரக் டிரைவர் ஆகறதுக்கு எந்த வழி சரியா வரும்

போன மாசம் ஒரு தம்பி கொலம்பஸ்ல இருந்து போன் பண்ணான், ஒஹாயோ. வேர்ஹவுஸ் வேலை போச்சு, ரூம்மேட் ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான், ஒத்த ஆளா வாடகை கட்ட முடியல, இப்ப பதினோரு நாளா பழைய கொரோலாவுல பின் சீட்ல படுத்துக்கறேன்ணான்னு சொன்னான். வயசு 26, கிரீன் கார்டு இருக்கு, கைல 340 டாலர். "அண்ணா, சிடிஎல் எடுக்கறதுக்கு எந்த ஸ்கூல் சீப்பு?"ன்னு கேட்டான். சிடிஎல்ங்கறது ட்ரக், பஸ் மாதிரி பெரிய வண்டி ஓட்டற லைசென்ஸ்.

நான் திருப்பிக் கேட்டேன், இன்னிக்கு ராத்திரில இருந்து உன் கைல தனி ட்ரக் சாவி வர்ற ராத்திரி வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் எங்க படுப்ப, அதைச் சொல்லு மொதல்லன்னேன். அவனுக்குப் பதில் வரல. நானும் 2017ல இதே மாதிரி ஒரு ஜிம் பார்க்கிங்ல படுத்து எந்திரிச்சுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், அப்ப எனக்கும் இதைக் கேக்க ஆள் இல்ல, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். வீடு இருக்கறவனுக்கு ஸ்கூல் ஃபீஸ்தான் கணக்கு. வீடு இல்லாதவனுக்கு ராத்திரிதான் கணக்கு. கீழ இருக்கற எல்லா வழியையும் அப்படித்தான் எண்ணிப் பாத்திருக்கேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், இது கிரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இருக்கறவங்களுக்கு. வேலை விசால வந்து வேலை போனவங்க இந்தப் பக்கம் வர முடியாது, அந்த விசா வேற தொழிலுக்குக் கொடுத்தது. வயசு, ஸ்டேட் விட்டு ஸ்டேட் ஓட்டணும்னா 21 ஆகியிருக்கணும். இங்கிலீஷ்ல ரோட்டு போர்டு படிக்கவும் இன்ஸ்பெக்டர் கேக்கறதுக்குப் பதில் சொல்லவும் தெரியணும், இது பழைய ரூல்தான் ஆனா 2025 ஜூன் 25ல இருந்து முடியலன்னா அந்த இடத்துலயே வண்டியை விட்டு இறக்கிடறாங்க.

இனி வழிகளுக்கு வரேன்.

முதல் வழி, பெரிய கம்பெனிங்களே சொல்லிக் கொடுத்து வேலையும் கொடுக்கறது. மிசூரி ஸ்ப்ரிங்ஃபீல்டுல ப்ரைம், சால்ட் லேக் சிட்டில சி.ஆர்.இங்கிலாண்ட், விஸ்கான்சின்ல ரோல், அப்புறம் ஸ்விஃப்ட், இப்படி நிறைய இருக்கு. பொதுவா என்ன நடக்கும்னா பஸ் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டுக்குவாங்க, மோட்டல்ல ரூம் கொடுப்பாங்க, அதுல இன்னொரு ஆளோட பங்கு, சில இடத்துல ஒரு வேளை ரெண்டு வேளை சாப்பாடு. ஃபீஸ்னு கைல இருந்து எதுவும் எடுக்க வேண்டாம், இல்லன்னா ரொம்பக் கம்மி. பதிலுக்கு ஒரு கான்ட்ராக்ட்ல கையெழுத்து, பெரும்பாலும் ஒரு வருஷத்தைச் சுத்தி அவங்ககிட்ட ஓட்டணும், நடுவுல விட்டுட்டுப் போனா ட்ரெய்னிங் காசு சில ஆயிரம் டாலர் நம்ம தலைல, அது கலெக்ஷன் ஏஜென்சிக்குப் போனா நாளைக்கு வாடகை வீடு தேடறப்ப கிரெடிட் ரிப்போர்ட்ல நின்னு முழிச்சுப் பாக்கும்.

இந்த வழியைத் திட்டறவங்க நிறைய பேர், சம்பளம் கம்மி, கூட உக்காந்து சொல்லிக் கொடுக்கற சீனியர் டிரைவர், அதான் ட்ரெய்னர், அவருக்கு நம்மளால ஃப்ரீயா மைல் ஓடுதுன்னு. அதுல உண்மை இருக்கு, நானும் அனுபவிச்சிருக்கேன். ஆனா அப்படித் திட்டறவங்க பெரும்பாலும் ராத்திரி போய்ப் படுக்க ஒரு வீடு இருந்தவங்க. பின் சீட்ல படுக்கறவனுக்கு மோட்டல் ரூமும் அதுக்கப்புறம் ட்ரெய்னர் ட்ரக்குக்குள்ள மேல் படுக்கையும் எவ்ளோ பெரிய விஷயம்னு அந்த இடத்துல இருந்தாத்தான் புரியும். ராத்திரிக் கணக்குல இந்த வழிக்குக் கிட்டகூட வேற எதுவும் வராது.

அதுலயும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கு, இதை ஆள் எடுக்கற ரெக்ரூட்டர் தானா சொல்ல மாட்டார். சில கம்பெனில மூணு நாலு வாரம் மோட்டல்ல தங்கி யார்டுல கத்துக்கிட்டு டெஸ்ட் முடிச்சு அப்புறம் ட்ரெய்னரோட சில வாரம். சில கம்பெனில, ப்ரைம் இந்த மாதிரிதான், பர்மிட், அதாவது கத்துக்கறப்ப ஓட்டற லைசென்ஸ், எடுத்ததும் ட்ரெய்னர் ட்ரக்ல ஏறி பல ஆயிரம் மைல் ஓட்டிக்கிட்டே கத்துக்கிட்டு வந்து டெஸ்ட் கொடுக்கறது, பாஸ் ஆனதும் திரும்ப ட்ரெய்னரோட டீமா, மாத்தி மாத்தி, ஓட்டறது. வீடு இல்லாதவனுக்கு ரெண்டாவது மாடல் ஒத்துவரும், ஏன்னா ஏறினதுல இருந்து படுக்கை ஒண்ணு எப்பவும் இருக்கு. சம்பளம் எப்ப ஆரம்பிக்குதுங்கறதும் பாக்கணும், ரோல் மாதிரி சில இடத்துல ட்ரெய்னிங் நாள்லயே எம்ப்ளாயியா சேத்துச் சம்பளம் கொடுக்கறாங்க, சில இடத்துல கொடுக்கறதே அட்வான்ஸ், பின்னாடி பிடிச்சுக்குவாங்க.

இந்த வழில குழி எங்கன்னா ஓரியன்டேஷன் முதல் ரெண்டு நாள்தான். அன்னிக்குத்தான் மெடிக்கலும் ட்ரக் டெஸ்டும், நான் சொல்றது போதைப்பொருள் டெஸ்ட். எங்க பேட்ச்ல ஒருத்தர், நாப்பது வயசு இருக்கும், கார்ல படுத்துத் தூங்காம ரெண்டு நாள் பஸ்ல வந்தவர், பிபி ஏறிப்போய் ஃபெயில் ஆயிட்டார். அன்னிக்குச் சாயங்காலம் மோட்டல் லாபில ஒரு டஃபிள் பேக், ஒரு தலகாணி, ஒரு காபி ஃப்ளாஸ்க் மூணையும் காலுக்கிட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார், ரூம் சாவியைத் திருப்பி வாங்கிட்டாங்க, போறதுக்கு டிக்கெட் கம்பெனி போடாதுன்னுட்டாங்க. நாங்க ஆறு பேர் சேந்து இருவது இருவது டாலரா போட்டு அனுப்பினோம். அந்தத் தலகாணி உறைல மஞ்சள் பூ போட்டிருந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால கம்பெனிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நம்ம ஊர்லயே மெடிக்கலை முடிச்சிடுங்க, டிஓடி ஃபிசிக்கல்னு கேட்டா கிளினிக்ல பண்ணுவாங்க, பெரும்பாலும் நூறு டாலரைச் சுத்தி ஆகும். பிபி 140க்கு 90க்குக் கீழ இருந்தா ரெண்டு வருஷ கார்டு, கொஞ்சம் மேல போனா ஒரு வருஷ கார்டு, அதுக்கும் மேலன்னா சிக்கல். கண்ணு ரெண்டும் 20/40, கண்ணாடி போட்டும் இருக்கலாம். அஞ்சடி தூரத்துல குசுகுசுன்னு பேசறது காதுல விழணும். கஞ்சா விஷயத்துல ஒண்ணு, நீங்க இருக்கற ஸ்டேட்ல அது லீகலா இருந்தாலும் இது ஃபெடரல் ரூல், பாசிட்டிவ் வந்தா கிளியரிங்ஹவுஸ்னு 2020 ஜனவரில ஆரம்பிச்ச டேட்டாபேஸ்ல பேர் ஏறிடும், 2024 நவம்பர்ல இருந்து அதுல பேர் நின்னா ட்ரக் ஓட்டற தகுதியை லைசென்ஸ்ல இருந்தே ஸ்டேட் எடுத்துடும். கஞ்சாச் செடில இருந்து எடுக்கற சிபிடி எண்ணெய்கூட வேண்டாம்.

ரெண்டாவது வழி கவர்ன்மென்ட் காசு. 2014ல வந்த சட்டம், டபிள்யூ ஐ ஓ ஏன்னு சொல்வாங்க. ஒவ்வொரு ஊர்லயும் அமெரிக்கன் ஜாப் சென்டர் இருக்கும், ஒஹாயோல அதுக்கு ஒஹாயோ மீன்ஸ் ஜாப்ஸ்னு பேரு. அங்க போய்ச் சொன்னா, தகுதி இருந்தா, அவங்க லிஸ்ட்ல இருக்கற ட்ரைவிங் ஸ்கூலுக்கு அவங்களே ஃபீஸ் கட்டுவாங்க. திருப்பிக் கட்ட வேண்டாம், கான்ட்ராக்ட் இல்ல, பாஸ் பண்ணதும் எந்தக் கம்பெனிக்கு வேணாலும் போலாம். இதுல நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், வீடில்லாத ஆளை அந்தச் சட்டமே குறைஞ்ச வருமானக்காரர்னு எடுத்துக்குது, பெரியவங்களுக்கான ட்ரெய்னிங் காசுல அவங்களுக்கு முன்னுரிமையும் உண்டு. கூச்சப்பட்டு ஃப்ரெண்டு வீட்டு அட்ரஸைப் போட்டு வீடு இருக்கற மாதிரி காட்டிக்காதீங்க, உள்ளதைச் சொன்னாத்தான் கிடைக்கும். ஆம்பளைங்க 18ல இருந்து 25க்குள்ள செலெக்டிவ் சர்வீஸ்ல, அதாவது ராணுவத்துக்கான பேர்ப் பதிவுல, பதிஞ்சிருக்கணும், கிரீன் கார்டுல வந்தவங்களும்தான், அதை விட்டுட்டு இங்க வந்து முட்டிக்கிட்டு நின்னவங்களைப் பாத்திருக்கேன்.

காசுக் கணக்குல இதுதான் ஆக நல்ல வழி, சந்தேகமே இல்ல. ஆனா ராத்திரியை எண்ணுங்க. கேஸ் ஒர்க்கரைப் பாக்கறது, பேப்பர், அப்ரூவல், ஸ்கூல்ல அடுத்த பேட்ச் ஆரம்பிக்கறது, அப்புறம் நாலு வாரம் கிளாஸ், அதுக்கப்புறம் கம்பெனில சேந்து ட்ரெய்னர் ட்ரக்ல ஏறற வரைக்கும் காத்திருக்கறது, எல்லாம் சேத்தா ரெண்டு மாசம் சாதாரணமா ஓடிடும், அந்த அறுவது ராத்திரியும் நம்ம தலைவலி. காலைல ஆறு மணிக்கு யார்டுல பின்னாடி எடுத்துப் பழகணும், ராத்திரி பூரா பார்க்கிங் லாட்ல செக்யூரிட்டி வந்து கண்ணாடியைத் தட்டியிருப்பான், எப்படிக் கத்துக்கறது. அதனால ஒரு சொந்தக்காரங்க சோபாவோ, ஷெல்டர்ல நிலையான படுக்கையோ, கோயில்லயோ சர்ச்லயோ ஒரு ரூமோ, ரெண்டு மாசத்துக்கு உறுதியா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு இந்த வழிலயே போங்க. இல்லன்னா வேண்டாம். ஒண்ணு மட்டும் கேட்டுப் பாருங்க, சப்போர்ட்டிவ் சர்வீஸ்னு அதே சட்டத்துல இருக்கு, பஸ் பாஸ், மெடிக்கல் ஃபீஸ், சில சமயம் தங்கறதுக்குக்கூட உதவி வரும், எல்லாம் அந்த ஊர் ஆபீஸ் கைல என்ன இருக்குங்கறதைப் பொறுத்தது.

மூணாவது, தனியார் ஸ்கூல்ல கடன் வாங்கிப் படிக்கறது. நாலாயிரத்துல இருந்து பத்தாயிரம் டாலர் வரைக்கும் கேப்பாங்க, வருமானம் இல்லாதவனுக்குக் கிடைக்கற கடனோட வட்டி எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். ராத்திரிக்கும் உதவாது, காசுக்கும் உதவாது. தள்ளிடுங்க.

நாலாவதா ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி, ஆனா இப்ப உங்களுக்கு இல்ல. ஓல்டு டொமினியன் மாதிரி பல பேரோட சின்னச் சின்ன லோடைச் சேத்து எடுக்கற கம்பெனிங்க டாக்ல சரக்கு ஏத்தி இறக்கற ஆளுங்களையே டிரைவரா ட்ரெயின் பண்றாங்க. மணிச் சம்பளம் வாங்கிக்கிட்டே கத்துக்கலாம், பின்னாடி தினமும் வீட்டுக்கு வந்துடலாம், பத்து வருஷம் கழிச்சுப் பாத்தா இவங்கதான் நல்ல நிலைல இருப்பாங்க. ஆனா தினமும் வீட்டுக்கு வர்ற வேலைக்கு வீடுன்னு ஒண்ணு வேணுமே. ஸ்கூல் பஸ் டிரைவர் ட்ரெய்னிங்கும் இதே கதைதான், ஃப்ரீயா சொல்லிக் கொடுப்பாங்க, ராத்திரி நம்ம பாடு. ஒரு வருஷம் நீண்ட தூரம் ஓட்டிக் காசு சேத்து ஒரு ரூம் பிடிச்சப்புறம் இந்தப் பக்கம் வாங்க.

ஆர்மி பத்தியும் தம்பி கேட்டான். 88எம்னு வேலைக்கோட், ட்ரக் ஓட்டறது, மிசூரி ஃபோர்ட் லெனர்ட் வுட்ல ட்ரெய்னிங். கிரீன் கார்டு இருந்தாலே சேரலாம், படுக்கை சாப்பாடு சம்பளம் எல்லாம் உண்டு, வெளிய வந்ததும் தகுதி இருந்தா ரோடு டெஸ்ட் இல்லாமலே சிடிஎல் வாங்கலாம். ஆனா ஆர்மியில சேரறது வாழ்க்கையவே திருப்பற முடிவு, படுக்க இடமில்லைங்கற ஒரே காரணத்துக்காக கையெழுத்துப் போடாதன்னு சொன்னேன். 16ல இருந்து 24 வயசுக்குள்ள இருக்கறவங்க ஜாப் கார்ப்ஸ் பாருங்க, தங்க இடத்தோட தொழில் சொல்லிக் கொடுக்கற கவர்ன்மென்ட் திட்டம், சில சென்டர்ல ட்ரக்கும் உண்டு, ஆனா 2025ல அதை நிறுத்தப் பாத்து கோர்ட் வரைக்கும் போச்சு, அதனால பக்கத்து சென்டர் ஆள் எடுக்குதான்னு மொதல்ல கேட்டுக்கங்க.

கடைசியா ஒரு வழி, வழின்னே சொல்லக் கூடாது. ட்ரெய்னிங் முடியற நேரத்துல ஒருத்தர் வந்து தோள்ல கை போட்டு "உனக்குன்னு ஒரு ட்ரக், முன்பணம் வேண்டாம், கிரெடிட் பாக்க மாட்டோம்"னு லீஸ் பர்ச்சேஸ் பேப்பரை நீட்டுவார். வீடில்லாம அலைஞ்சவனுக்குச் சொந்தமா ஒண்ணுங்கற சொல்லே மயக்கும், எனக்கு அன்னிக்குக் கை நடுங்குச்சு, நல்லவேளை என் ட்ரெய்னர் கண்ணாலயே வேண்டாம்னு காட்டினார். வண்டி ஓடினாலும் ஓடலன்னாலும் வாராவாரம் தவணை, டீசல், ரிப்பேர் எல்லாம் நம்ம கணக்கு, லோடு கொடுக்கறது அவங்க கைல. சில வாரம் ஓடி முடிச்சுப் பாத்தா நம்மதான் அவங்களுக்குக் கட்டணும்னு செட்டில்மென்ட் வரும். 2025 ஜனவரில ஃபெடரல் அரசாங்கம் அமைச்ச குழுவே இந்த மாதிரி திட்டங்களைத் தடை பண்ணணும்னு அறிக்கை கொடுத்துச்சு. வீடு இருக்கறவனுக்கு அது கெட்ட வியாபாரம். நமக்கு, படுக்கற படுக்கையே கடனாயிடும்.

ஆக பெரும்பாலானவங்களுக்கு முதல் ரெண்டுல ஒண்ணுதான். எதுல போனாலும் கிளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணேதான், பர்மிட்டை நம்ம ஸ்டேட்லயே எடுத்து வைக்கறது. சிடிஎல் எப்பவும் நம்ம குடியிருக்கற ஸ்டேட்தான் கொடுக்கும், ரோடு டெஸ்ட்டை வேற ஸ்டேட்ல கொடுக்கலாம். இங்கதான் அட்ரஸ் பிரச்சினை வரும். போஸ்ட் ஆபீஸ்ல ஜெனரல் டெலிவரின்னு நம்ம பேருக்கு வர்ற லெட்டரை முப்பது நாள் வரைக்கும் வச்சிருப்பாங்க, லெட்டருக்கு அது போதும், லைசென்ஸுக்குப் போதாது. பல ஸ்டேட்ல ஷெல்டரோ உதவி அமைப்போ லெட்டர்ஹெட்ல எழுதிக் கொடுத்தா குடியிருப்பு ஆதாரமா எடுத்துக்கறாங்க, உங்க ஸ்டேட் லிஸ்ட்டைப் பாத்துட்டுப் போங்க. பர்மிட் எடுக்கறதுக்கே மெடிக்கல் கார்டு கேப்பாங்க, அதனால அது முதல்ல. பர்மிட் கிடைச்சு 14 நாள் ஆகாம ரோடு டெஸ்ட் கொடுக்க முடியாது, அந்த 14 நாள் கார்ல படுக்கறப்பவே ஓடிடட்டும், மோட்டல்ல போய் ஓட வேண்டாம்.

படிக்கறதுக்குக் காசே வேண்டாம். ஸ்டேட் சிடிஎல் மேனுவல் ஃப்ரீ, லைப்ரரில ஏசி இருக்கு, வைஃபை இருக்கு, பாத்ரூம் இருக்கு, காலைல திறந்ததும் போய் உக்காந்துடுங்க. பொது அறிவு 50 கேள்வி, ஏர் பிரேக், காம்பினேஷன்னு சொல்ற ட்ரெய்லர் சேத்த வண்டி தனித்தனி, எண்பது சதவீதம் எடுக்கணும். ஏர் பிரேக்கைத்தான் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகணும்: இஞ்சினை ஆஃப் பண்ணி, பிரேக்கை ரிலீஸ் பண்ணி, பெடலை ஒரே அழுத்தா ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிச்சா ட்ரெய்லரோட சேத்து காத்தழுத்தம் 4 பிஎஸ்ஐக்கு மேல இறங்கக் கூடாது, அப்புறம் பெடலை மிதிச்சு மிதிச்சு காத்தை இறக்கினா 60க்கு இறங்கறதுக்குள்ள பஸ்ஸர் கத்தணும், இன்னும் இறக்கினா 20ல இருந்து 45க்குள்ள வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் இருக்கற ரெண்டு பிரேக் பட்டனும் டப்புன்னு வெளிய வந்து விழணும். நான் இதை ஜிம் பார்க்கிங்ல ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு தினம் பத்து வாட்டி சொல்லுவேன், டெஸ்ட் அன்னிக்கு வாய் தானா ஓடுச்சு.

ரெக்ரூட்டர்கிட்ட வெக்கப்படாம கேக்க வேண்டியது: ட்ரெய்னர் அவர் வீட்டுக்குப் போற மூணு நாலு நாள் நான் எங்க தங்கறது, கம்பெனி மோட்டல் போடுமா? மெடிக்கல்ல ஃபெயில் ஆனா திரும்ப டிக்கெட் யார் கணக்கு? முதல் சம்பளம் எத்தனாவது வாரம், பிடித்தம் போகக் கைல எவ்ளோ? காரை உங்க யார்டுல விட்டு வைக்கலாமா? தனி ட்ரக் கிடைச்சப்புறம் லீவு நாள்லயும் அதுலயே படுத்துக்கலாமா? ட்ரக் ஒர்க்‌ஷாப்ல நிக்கறப்ப ரூம் யார் போடுவாங்க? பதிலை மெசேஜ்ல அனுப்பச் சொல்லுங்க, வாய்ல சொன்னது அங்க போனதும் காத்துல போயிடும்.

ட்ரக்ல குடியிருக்கறது எப்படின்னா, நல்லாத்தான் இருக்கும், முதல் சில மாசம். 11 மணி நேரம் ஓட்டலாம், அப்புறம் 10 மணி நேரம் ஓய்வு சட்டப்படி கட்டாயம், கதவைப் பூட்டிக்கிட்டு கால் நீட்டிப் படுக்கலாம், யாரும் வந்து கண்ணாடியைத் தட்ட மாட்டாங்க. முதல் நாள் நான் பதினாலு மணி நேரம் தூங்கினேன். லவ்ஸ், பைலட் மாதிரி ட்ரக் ஸ்டாப்ல ஒரு தடவை டீசல் நல்லா அடிச்சா ஃப்ரீயா குளிக்கறதுக்குப் பாயின்ட் ஏறிடும், வாடகை கரண்ட் பில் எதுவும் இல்ல, மைலுக்கு 40, 50 சென்ட் வந்தாலும் மிச்சம் பிடிக்கலாம். ஆனா வேலை போனா அன்னிக்கே வீடும் போகும், அதுவும் நம்ம ஊர்ல இருந்து ஆயிரம் மைல் தள்ளி ஏதோ ஒரு டெர்மினல்ல. சின்ன இடி இடிச்சதுக்கே முதல் வருஷ டிரைவரை அனுப்பிடுவாங்க. அதனால சாமான் ரெண்டு பைக்கு மேல சேக்காதீங்க, முதல் மூவாயிரம் டாலரைத் தொடாதீங்க, அது ஒரு பஸ் டிக்கெட்டும் நாலஞ்சு வார ரூம் வாடகையும். எவ்ளோ கோவம் வந்தாலும் ட்ரக்கை நடு ரோட்டுல விட்டுட்டுப் போகாதீங்க, ஓட்டுன ரிப்போர்ட்ல அது ஏறிட்டா அடுத்த கம்பெனி போனே எடுக்காது. பெர் டியம்னு, வழிச் செலவுக்குன்னு சொல்லி, சம்பளத்துல ஒரு பங்கை வரி இல்லாமக் கொடுக்கறேன்னா யோசிங்க, வாரம் கொஞ்சம் கூட வரும், ஆனா வருஷ சம்பளக் கணக்குப் பேப்பரான டபிள்யூ 2ல வருமானம் கம்மியாத் தெரியும், வீட்டுக்கு அப்ளை பண்றப்ப அந்த பேப்பரைத்தான் பாப்பாங்க. வீடே இல்லாதவனுக்கு அந்த வரிச் சலுகை பொருந்தறதும் சிக்கல்தான்.

தம்பி கம்பெனி வழியைத்தான் எடுத்தான். ரெண்டு மாசம் தங்கறதுக்கு யாரும் இல்ல, அதனால நானும் வேற சொல்லல. மெடிக்கல்ல பிபி 136க்கு 84, கார்டு ரெண்டு வருஷத்துக்கு வந்துச்சு. ஷெல்டர்ல லெட்டர் வாங்க மட்டும் ரெண்டு நாள் அலைஞ்சான். பர்மிட் எடுத்து இன்னியோட ஒம்பது நாள். நேத்து ராத்திரி போன் பண்ணி, பின் சீட்ல இருந்துக்கிட்டே ஏர் பிரேக் முழுசையும் ஒப்பிச்சான், 4 பிஎஸ்ஐன்னு சொல்ல வேண்டிய இடத்துல 3ன்னான், அது ட்ரெய்லர் இல்லாத வண்டிக்குடா, திரும்ப முதல்ல இருந்து சொல்லுன்னேன்.